நிமிடத்துக்கு ஒரு கோடு

மடிக்கணினித் திரையில் நிமிடத்துக்கு ஒருமுறை மஞ்சள் கோடு விழுந்தது.

மணிமாறன் துள்ளி எழுந்தான். படகுக்காரர்களுக்கு அரசாங்கம் கொடுத்த ஆபத்துப் பெட்டியின் அலைவரிசை அது. பொத்தானை அமுக்கினால்தான் சிக்னல் வரும். அமுக்குவதற்கு ஆள் வேண்டும்.

அக்கா புருஷன் முருகையன் கடலுக்குப் போய் நாலு நாள் ஆகிறது. தேடப் போன படகுகள் வெறுங்கையோடு திரும்பிவிட்டன. சிக்னல் வரும் திசையைப் பிடிக்கும் கருவி கடலோரக் காவல்படையின் பெரிய கப்பலில்தான் இருக்கிறதாம். அது எப்போது பொம்மையார்பாளையம் பக்கம் வருமோ!

டிவி ரிப்பேர் பார்க்கும் மணிமாறனிடம் இருந்தது ரேடியோ அலையை மடிக்கணினியில் கோடாகக் காட்டும், பென் டிரைவ் அளவே உள்ள ஒரு டாங்கிளும், அலுமினியக் கம்பியில் அவனே கட்டிய ஆன்டெனாவும்தான். ஊரே கேலி செய்த சாமான்கள்.

"அக்கா, மாமா உசுரோட இருக்காரு!" என்று கத்திக்கொண்டே மடிக்கணினியும் ஆன்டெனாவுமாகக் கடற்கரைக்கு ஓடினான். அக்கா தையல்நாயகி பின்னாலேயே ஓடி வந்தாள். ஐந்து பேர் படகைத் தள்ளத் தயாராக நின்றார்கள். எந்தத் திசை என்று அவன் சொன்னால் போதும்.

ஆன்டெனாவைக் கிழக்கே நீட்டினான். கோடு மங்கியது.

தென்கிழக்கே திருப்பினான். இன்னும் மங்கியது.

பாழாய்ப்போன கம்பிதான் சதி செய்கிறது என்று அதைத் துடைத்தான். கடலுக்கு முதுகைக் காட்டித் திரும்பியபோது கோடு தகதகவென்று எரிந்தது.

ஆன்டெனாவை நீட்டியபடியே ஊருக்குள் நடந்தான். ஒவ்வொரு சந்திலும் ஒரு நிமிடம் நின்றான். டாங்கிள் பொய் சொல்ல வேண்டும் என்று வேண்டிக்கொண்டான்.

அது அக்கா வீட்டு வாசலில் கொண்டுபோய் விட்டது.

உள்ளே சாமி படங்களுக்கு நடுவே அந்த ஆரஞ்சுப் பெட்டி இருந்தது. உப்புத் தண்ணீர் பட்டுக் கெட்டுவிடக் கூடாதென்று மாமா பத்திரப்படுத்தியிருக்கிறார். மஞ்சள் குங்குமம் வைத்து, பூவும் போட்டிருந்தது. அதன் தலையில் சின்ன விளக்கு மின்னி மின்னி அணைந்தது.

மூச்சிரைக்க வந்து நின்ற தையல்நாயகியின் முகத்தில் நாலு நாளாக இல்லாத வெளிச்சம்.

"நேத்து நான்தான்டா அமுக்கி வெச்சேன், வழி தெரியாம அலைஞ்சிக்கினு இருந்தார்னா இதைப் புடிச்சிக்கினு வந்துடுவாருன்னு. அவருக்குக் கேட்டுடுச்சா, தம்பி? பதில் குடுத்தாரா?"

திரையில் அடுத்த கோடு விழுந்தது.