பதினொன்று 'பி' சிரித்த சிரிப்பு

தேவநேசன் மைக்கைப் பிடித்து "எல்லாருக்கும் வணக்கம்" என்றதுமே பதினொன்றாம் வகுப்பு 'பி' பிரிவு விழுந்து விழுந்து சிரித்தது. வணக்கத்தில் சிரிக்க என்ன இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. தேவநேசனும் கேட்டுக்கொள்ளவில்லை. மேதைகளுக்கு இப்படித்தான் நடக்கும் என்பது அவன் கட்சி.

அருவங்காட்டுப் பள்ளியில் அன்று பிரிவுபசார விழா. வகுப்பில் ஒருவன் மேடையேறி, கூடப் படித்த ஒவ்வொருவனையும் கிண்டலடித்து வழியனுப்புவது அங்கே வருடாவருடம் நடக்கிற வழக்கம். இந்த வருடம் அந்தப் பொறுப்பைத் தேவநேசன் தானே எடுத்துக்கொண்டான். மற்றவர்களுக்கு மூளை இல்லை என்பது காரணம். அதையும் அவனே அறிவித்திருந்தான்.

கடைசி வரிசையில் அவன் அப்பா சுவிசேஷமுத்து உட்கார்ந்திருந்தார். ஊரிலிருந்த வெடிமருந்து ஃபேக்டரியில் ஃபோர்மேன். கம்பளிக் கோட்டுப் பையில், அதே ஃபேக்டரியில் அப்ரண்டிஸ் வேலைக்கான விண்ணப்பப் படிவம். வகுப்பில் மற்ற முப்பத்தெட்டுப் பேரும் அதே படிவத்தைப் போன வாரமே நிரப்பிக் கொடுத்துவிட்டார்கள். தேவநேசன் மட்டும், மெட்ராஸுக்குப் போய் நாடகத்துக்குச் சிரிப்பு வசனம் எழுதப் போவதாகச் சொல்லி வீட்டில் உண்ணாவிரதம் இருந்தான், மூன்று வேளையும் சாப்பிட்டுவிட்டு.

பத்தாவது நாள் அப்பா இறங்கி வந்தார். "சரிடா. உன் பேச்சுக்கு உன் கிளாஸ்காரனுக சிரிக்கறானுகளான்னு நானே வந்து பாக்கறேன். சிரிச்சா மெட்ராஸுக்கு ரயிலேத்தி விடறேன். சிரிக்கலேன்னா அங்கியே ஃபாரத்துல கையெழுத்துப் போட்டுரணும்."

இந்தப் பந்தயத்தை நேற்று லிங்கசாமியிடம் சொல்லி அலுத்துக்கொண்டான் தேவநேசன். "என் தலையெழுத்தப் பாருடா. உங்க சிரிப்ப நம்பி நான் பொழைக்க வேண்டியிருக்குது. ஒரு ஜோக்கச் சொன்னா அர்த்தம் கேக்கற கூட்டம்!"

"அப்ப நாங்க சிரிக்காட்டி?"

"என்ன செய்யறது, நானும் ஃபேக்டரிதான்."

லிங்கசாமியின் முகம் சட்டென்று வாடிவிட்டது. தன் மேல் இத்தனை பாசமா என்று தேவநேசனுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஆனாலும் அந்தக் கேள்வியை மன்னிக்கவில்லை. இன்றைய பட்டியலில் லிங்கசாமிக்குத்தான் முதலிடம்.

"நம்ம லிங்கசாமி" என்று மேடையில் ஆரம்பித்தான். "போன வருஷம் நாடகத்துல இவனுக்குப் பொண வேஷம். சும்மா படுத்துக் கெடந்தாப் போதும். தும்மினான்! செத்தவனா நடிக்கக்கூட லாயக்கில்லாத ஆள பதினோரு வருஷம் படிக்க வெச்ச அரசாங்கத்துக்கு என் அனுதாபங்கள்."

கூரைத் தகரம் அதிர்ந்தது. லிங்கசாமியே பெஞ்சைத் தட்டித் தட்டிச் சிரித்தான்.

"அடுத்தது பொன்ராஜ். குன்னூர்லருந்து ஊட்டிக்கு ரயிலு மலையேறுற வேகத்துலதான் இவன் கணக்குப் போடுவான். ரயிலாச்சும் ஊட்டி போய்ச் சேரும்!"

பொன்ராஜ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உருண்டான்.

"காளிமுத்து..." என்று சொல்லிவிட்டு ஒரு வாய் தண்ணீர் குடித்தான் தேவநேசன். அதற்குள் சபை கொல்லென்று சிரித்தது. மூன்று பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். தண்ணீர் குடித்தால்கூடச் சிரிக்கிறார்களே, பாவம், நல்ல நகைச்சுவையே கேட்டறியாத ஜனங்கள் என்று எண்ணிக்கொண்டான்.

"காளிமுத்து ஆறாங்கிளாஸ்ல போட்ட மங்கிக் குல்லாவ இன்னும் கழட்டல. உள்ளாற தலை இருக்குதான்னு ஹெட்மாஸ்டருக்கே சந்தேகம். பரீட்ச பேப்பரத் திருத்தினவங்களுக்கு அந்தச் சந்தேகமே கிடையாது!"

முப்பத்தெட்டுப் பேரையும் ஒருவர் விடாமல் மிதித்து முடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. ஒருத்தன் முகமாவது சுருங்க வேண்டுமே! கடைசியில் எழுந்து நின்று கைதட்டினார்கள். "இன்னொருக்கா, இன்னொருக்கா" என்று ஒரு குரல் கேட்டது. பக்கத்திலிருந்தவன் பதறிப்போய் அவன் வாயைப் பொத்தினான்.

சுவிசேஷமுத்து எழுந்தார். அவர் ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை. மகனையும் சபையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கோட்டுப் பையிலிருந்து படிவத்தை எடுத்து நாலாகக் கிழித்தார். "எனக்கு ஒண்ணும் வெளங்கல. ஆனா சொன்ன சொல் சொன்னதுதான். பெட்டியக் கட்டுடா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தேவநேசனுக்குக் கால் தரையில் பாவவில்லை. லிங்கசாமியைக் கூப்பிட்டு இரண்டு நல்ல வார்த்தை சொல்லலாம், அற்பங்களுக்கும் ஒரு நாள் சந்தோஷம் இருக்கட்டும் என்று வகுப்பறைப் பக்கம் போனான். கதவு சாத்தியிருந்தது. உள்ளே காளிமுத்து முனகுவது கேட்டது.

"தாடையே கழண்டுருச்சுடா லிங்கா. அவன் சொன்னதுல ஒண்ணுக்காச்சும் உனக்கு நெசமாச் சிரிப்பு வந்துச்சா?"

"எங்கடா வந்துச்சு? இன்னிக்குச் சிரிக்காம இருந்திருந்தா, ரிட்டயராகற வரைக்கும் ஃபேக்டரிலயும் அவன் பேச்சக் கேக்கோணும்!"