பொருந்தாத பூட்ஸ்

"இதுவும் சரிவராது" என்றார் இத்வால்.

மூன்றாவது ஜோடி ரப்பர் பூட்ஸையும் கழற்றி வைத்தாள் பெதன். அவள் முகம் சிவந்துவிட்டது.

"ஏன் மாமா? எனக்கு நல்லாத்தானே இருந்துது?"

"நின்னா நல்லாத்தான் இருக்கும். ஆட்டுப் பக்கத்துல முட்டி போட்டு உட்காரணும்ல? கெண்டைக்காலைப் பிடிச்சுக்கும்."

முதல் ஜோடிக்குக் குதிகால் தூக்குகிறது என்றார். சேற்றில் கால் மட்டும் வெளியே வருமாம், பூட்ஸ் உள்ளேயே நிற்குமாம். இரண்டாவது ரப்பரே இல்லை, பிளாஸ்டிக். ஒரு பனிக்கு வெடித்துவிடும் என்றார்.

அன்று மலையடிவாரச் சிற்றூரான டிரகாரனில் சந்தை நாள். வெளியே மழை. பண்ணைச் சாமான் கடைக்குள் ஈரக் கோட்டுகளோடு நான்கு பேர் காத்திருந்தார்கள். கடைக்கார நெஸ்டாவுக்குப் பொறுமை போய்க்கொண்டிருந்தது.

"அண்ணே, உங்க காலுக்கு வாங்கினப்போ அஞ்சு நிமிஷம்கூட ஆகலை. மருமகளுக்குன்னு வந்தா மட்டும் கடையையே புரட்டுறீங்களே!"

காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். இத்வால் சிரிக்கவில்லை.

பெதனுக்கும் சிரிப்பு வரவில்லை. அவள் கார்டிஃப் நகரத்துப் பெண். இந்த மலைப் பண்ணைக்கு வாழ்க்கைப்பட்டு வந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. இதுதான் அவள் பார்க்கும் முதல் குட்டி போடும் காலம். ஆடுகள் குட்டி போடத் தொடங்கி ஒரு வாரமாகியும் மாமனார் அவளைக் கொட்டகைக்குள் விடவில்லை. "உள்ள வராதே, வீட்டுல வேலை இருக்கும் பாரு" என்று வாசலிலேயே மறித்துவிடுகிறார். அவருடைய அழுக்குத் துணியைத் துவைக்க எடுத்தால், "அதைத் தொடாதே" என்று பிடுங்கிக்கொள்கிறார்.

பட்டணத்துப் பொம்மை என்ற நினைப்பு. வேறென்ன?

காலையில் அவள் கணவன் ரோட்ரிதான், "அப்பா, சந்தைக்குப் போறீங்கல்ல? இவளுக்கும் ஒரு ஜோடி வாங்கிடுங்க. கொட்டகையில ஆள் பத்தலை" என்று அனுப்பிவைத்தான்.

அவளுக்கும் ஏதாவது வேலை வேண்டியிருந்தது. சும்மா இருந்தால் மனம் ஒரு விஷயத்தையே சுற்றிச் சுற்றி வந்தது. நாள் தள்ளிப் போயிருந்தது. ரோட்ரியிடம்கூட இன்னும் சொல்லவில்லை. போன இலையுதிர் காலத்தில் சொன்னாள். ஊரே வாழ்த்தியது. மறு மாதம் ஊரே வந்து ஆறுதல் சொன்னது. இந்த முறை நிச்சயமாகத் தெரியும்வரை வாய் திறப்பதில்லை, டாக்டரிடமும் போவதில்லை என்று இருந்தாள்.

நெஸ்டா ஏணி வைத்து ஏறி, மேல் தட்டிலிருந்து ஒரு பெட்டியை இறக்கினாள்.

"இந்தாம்மா, இதைப் போடு. அசல் ரப்பர். உள்ளே கம்பளி. கெண்டைக்கால்ல வார் இருக்கு, வேணும்கிற அளவுக்குத் தளர்த்திக்கலாம். இதுலயும் உன் மாமனார் குறை கண்டுபிடிச்சா, நான் கடையைச் சாத்திட்டு அவருக்கு ஆடு மேய்க்கப் போறேன்."

பெதன் போட்டுக்கொண்டாள். நடந்தாள். முட்டி போட்டு உட்கார்ந்தாள். குதிகால் தூக்கவில்லை, எங்கும் பிடிக்கவில்லை. கால் அதற்குள் சுகமாக உட்கார்ந்துகொண்டது.

இத்வால் ஒரு பூட்ஸைக் கழற்றச் சொல்லி வாங்கினார். கணுக்கால் இடத்தில் மடக்கிப் பார்த்தார், வெடிப்பு விழவில்லை. அடிப்பாகத்தின் பள்ளங்களில் விரலை விட்டுப் பார்த்தார். உள்ளே கையை விட்டுத் துழாவினார். பிறகு வெகுநேரம் சும்மா வைத்துக்கொண்டு நின்றார்.

"நிறம் சரியில்லை" என்றார்.

"நிறமா?" நெஸ்டா கையைத் தட்டினாள். "ஏன் அண்ணே, ஆடு கோவிச்சுக்குமா?"

கடையே சிரித்தது. பெதனுக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் கையிலிருந்து பூட்ஸைப் பிடுங்கி மேசை மேல் வைத்தாள்.

"கட்டுங்க அக்கா. என் காசுலயே வாங்கிக்கிறேன்."

"அப்படிப் போடு!" என்றாள் நெஸ்டா.

வண்டியில் ஏறிய பிறகும் இத்வால் சாவியைத் திருப்பவில்லை. மழை கண்ணாடியில் வழிந்துகொண்டிருந்தது.

"உங்க கொட்டகையில நான் கால் வைக்கக் கூடாது. அதானே மாமா? நேராச் சொல்லியிருக்கலாமே. நாலு பேர் முன்னாடி எதுக்கு இந்தக் கூத்து?"

"கால் வைக்கக் கூடாதுதான்" என்றார் அவர்.

அவள் கதவைத் திறந்து இறங்கப் போனாள்.

"இரும்மா. பூட்ஸ்ல ஒரு குறையும் இல்லை. கோடையில போட்டுக்கோ, அடுத்த வருஷம் கொட்டகையிலயும் போட்டுக்கோ. இப்ப வேண்டாம்." தொண்டையைச் செருமிக்கொண்டார். "நான் எதையும் கேக்கலை. நீயும் சொல்ல வேண்டாம். ரோட்ரிகிட்டயும் நான் வாயைத் திறக்கலை. ஆனா பன்றிக்கறி வறுக்கிற வாசனைக்கு நீ கொல்லைப்பக்கம் ஓடுறது, ஆயுசு பூரா ஆடு பார்க்கிறவனுக்குத் தெரியாமப் போகுமா?"

பெதனின் கை கதவிலேயே நின்றது.

"குட்டி போடுற ஆட்டுகிட்ட ஒரு சீக்கு உண்டு. அதுல ஆட்டுக்குக் கரு கலைஞ்சு போகும். பார்த்தா வெளியே ஒண்ணும் தெரியாது. மாசமா இருக்கிற பொம்பளைக்கும் அது தொத்தும். குட்டி போடுறப்போ வர்ற ஈரம் பட்ட துணியைத் தொட்டாலே போதும். நீயா சொல்றதுக்கு முன்னாடி நான் எப்படிம்மா இதைப் பேச்செடுக்கிறது? அதான், பூட்ஸ் கிடைக்கலைன்னா ரோட்ரி உன்னைக் கூப்பிட மாட்டான்னு பார்த்தேன்."

அவள் கதவை மறுபடி சாத்தினாள்.

"இதெல்லாம்... உங்களுக்கு டாக்டர் யாராவது சொன்னாங்களா மாமா?"

"சொன்னார். பின்னால." அவர் கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னார். "ரோட்ரிக்கு முன்னால எங்களுக்கு ஒண்ணு உண்டாச்சும்மா. அந்த வருஷம் கொட்டகையில ஆள் பத்தலைன்னு, உன் அத்தைக்கு பூட்ஸ் வாங்கிக் கொடுத்து உள்ளே கூட்டிக்கிட்டுப் போனதே நான்தான்."