வைரி விழுந்த மத்தியானம்

குதிரை கட்டும் கம்பத்தில் உட்கார்ந்திருந்த வைரி பொத்தென்று கீழே விழுந்தது.

நோர்ஜ்மா பால் வாளியைப் புல்லில் வைத்துவிட்டுப் பார்த்தாள். அந்தப் பெரிய பருந்து ஒரு இறக்கையை விரித்துப்போட்டு அப்படியே கிடந்தது.

"ஏய், நடிக்காதே. எழுந்திரு" என்றாள்.

காலையிலிருந்தே அவளுக்கு வாயில் உப்புக் கரித்துக்கொண்டிருந்தது. கல்லாகக் காய்ந்த தயிர்க்கட்டியைக் கடித்ததில் ஈறு கிழிந்திருக்க வேண்டும். துப்பிவிட்டு வைரியை நோக்கி நடந்தாள்.

இலையுதிர் கால மேய்ச்சலுக்கு இந்த மேட்டில் வந்து கூடாரம் போட்டுப் பத்து நாளாகிறது. புருஷன் குதிரைகளை ஓட்டிக்கொண்டு மலைக்கு அந்தப் பக்கம் போய்விட்டான். மகள் கோர்லோவும் நாய்களும் போக, பேச்சுத் துணைக்கு இந்த வைரிதான்.

அதற்குத் தின்ன இன்னதுதான் என்று கிடையாது. எலி முதல் சோறு. எலி கிடைக்காவிட்டால் வானம்பாடிக் குஞ்சு, ஓடைத் தவளை, பாம்பு. ஆட்டு மந்தைக்குப் பின்னால் வந்து, எழும்புகிற வெட்டுக்கிளிகளைப் பிடிக்கும். மழை விட்டதும் தரையில் நடந்து மண்புழு இழுக்கும். செத்துப் பிறந்த குட்டியைக்கூட விடாது. அப்பேர்ப்பட்ட வாய்.

வேட்டை என்று வந்துவிட்டால் மட்டும் வேறு ஆள். மேட்டுக் காற்றில் இறக்கையை லேசாக ஆட்டி ஒரே இடத்தில் நின்று, கால்களைத் தொங்கவிட்டபடி இறங்கும். அடுத்த நொடி எலி காலில் இருக்கும்.

நாலு நாளாக அந்த வேலையே இல்லை. கோழி மாதிரி நடந்து நடந்து எலிகளைப் பொறுக்கித் தின்றது. ஒரு எலியும் ஓடவில்லை. "உனக்கு வந்த யோகத்தைப் பாரேன், சோம்பேறி!" என்று நோர்ஜ்மாவும் சிரித்தாள்.

இப்போது குனிந்து பார்த்தாள். அலகில் ரத்தம். அவள் பூட்ஸுக்குப் பக்கத்திலேயே ஒரு எலி, பட்டப்பகலில், தள்ளாடித் தள்ளாடிப் போனது.

வைரியைத் தூக்கக் கையை நீட்டினாள்.

"தொடாதே! கையை எடு!"

மேட்டுக்கு அந்தப் பக்கத்துச் சோய்ஜில், குதிரையை விரட்டிக்கொண்டு வந்தான். எந்தக் கூடாரத்துக்கு வந்தாலும் தூரத்திலேயே நின்று "நாயைப் பிடிங்க!" என்று கத்துகிற மனுஷன். இன்று கத்தவில்லை.

"எங்க பக்கம் மூணு விழுந்துருச்சு தங்கச்சி. எலி மருந்து! நீங்க இங்க வர்றதுக்கு முன்னாடியே மேடு பூரா தூவிட்டுப் போயிட்டாங்களாம். செகப்புக் கோதுமை. அதை எலி தின்னுச்சு, எலியை இது தின்னுச்சு. உள்ள போனா கொஞ்ச நாள்ல ஈறு, மூக்கு, தோலுக்கு அடியில எல்லாம் ரத்தம் கசியுமாம்."

செகப்புக் கோதுமை.

நோர்ஜ்மாவுக்குக் காதை அடைத்தது.

புது இடத்துக்கு வந்ததும் எலி வளைகளைத் தோண்டுவது வழக்கம்தான். குளிர்காலத்துக்கென்று எலிகள் சேர்த்துவைக்கிற இனிப்புக் கிழங்குகளில் பாதியை எடுத்துக்கொண்டு, பாதியை விட்டு, பதிலுக்கு ஒரு துண்டுத் தயிர்க்கட்டியை வைத்து மூடிவிட வேண்டும். அவளும் வந்த அன்றே தோண்டினாள். கிழங்கோடு சிவப்பாகக் கோதுமை மணிகளும் வந்தன. "எலி நமக்குச் சீர் வெச்சிருக்குடி!" என்று சந்தோஷம் தாங்கவில்லை அவளுக்கு. அன்றிலிருந்து தினமும் பையைத் தூக்கிக் கோர்லோவிடம் கொடுத்து, மண்ணையும் கல்லையும் பொறுக்கச் சொல்லி உட்காரவைக்கிறவளும் அவள்தான்.

ஆறு வயசு. கையில் எது கிடைத்தாலும் வாய்க்குத்தான் போகும். சோப்பைக் கடித்திருக்கிறாள், மெழுகுவத்தியைத் தின்றிருக்கிறாள். அவளுக்கும் அந்த வைரிக்கும் வாயில் வித்தியாசமே கிடையாது.

மூன்று பெற்றதில் மிஞ்சிய ஒன்று.

நோர்ஜ்மா ஓடினாள். கால் இடறி வாளி கவிழ்ந்தது. பின்னால் சோய்ஜில் ஏதோ கத்தினான்.

அடுப்புக்குப் பின்னால் கோர்லோ பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வாய் அசைந்துகொண்டிருந்தது.

"துப்பு! துப்புடீ!"

தாடையைப் பிடித்து விரலை விட்டுத் தோண்டினாள். வெள்ளையாகக் கிழங்குத் துண்டு வந்தது. உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தாள். மூக்கைப் பார்த்தாள். சட்டையைத் தூக்கி முதுகைத் தடவிப் பார்த்தாள்.

"செகப்புக் கோதுமை தின்னியா? எத்தனை தின்னே? அம்மா அடிக்க மாட்டேன், சொல்லு. சொல்லுடீ!"

பிள்ளை மிரண்டு போய் அழ ஆரம்பித்தது. அழுதுகொண்டே பாய்க்கு அடியிலிருந்து ஒரு கிண்ணத்தை எடுத்து நீட்டியது. அதில் முக்கால் கிண்ணம் சிவப்புக் கோதுமை.

"ஒண்ணுகூடத் தின்னலை. 'உனக்குக் கிழங்கு, செகப்பெல்லாம் எனக்கு'ன்னு நீதானே சொன்னே? தினம் நீ வறுத்து டீயில போட்டுக்குவியே, அதுக்குத்தான் எடுத்து வெச்சேன். இந்தா, இன்னிக்கு உன் பங்கு."

நோர்ஜ்மாவின் காதில் முதல் வார்த்தைகள் மட்டும்தான் விழுந்தன. ஒண்ணுகூடத் தின்னலை.

அவளை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். தலையிலும் கன்னத்திலும் மாறி மாறி முத்தமிட்டாள். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. "தின்னலையாம் அண்ணே! என் தங்கம், ஒண்ணுகூடத் தின்னலையாம்!" என்று வாசல் பக்கம் திரும்பி வாய்விட்டுச் சிரித்தாள்.

வாசலில் நின்ற சோய்ஜில் சிரிக்கவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு அவள் வாயையே பார்த்தான்.

கோர்லோவும் அழுகையை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

"அம்மா, உன் பல்லெல்லாம் ஏன் செகப்பா இருக்கு?"