ஓய்வு நாள் காலை

அது செவ்வாய்க்கிழமைதானா என்று இப்போது எனக்கே சந்தேகம். நீச்சலுக்கு ஓய்வு நாள் என்பது மட்டும் நிச்சயம். போட்டி அணியில் ஒரே இடம் காலி. வாரம் நான்கு நாள் போதும், அதற்கு மேல் தோள் தாங்காது என்று அந்த இடத்துக்கு முயலும் என் மனைவிக்கும் தங்கைக்கும் பயிற்சியாளர் சொல்லியிருக்கிறார். சமையலறை ஜன்னல் வெளிச்சத்தில் தங்கை என் மனைவியின் முகத்தையே பார்க்கிறாள். “என்ன அண்ணி, கண்ணைச் சுத்தி நீச்சல் கண்ணாடித் தடம்?” “நேத்து பதிஞ்சது. இன்னும் போகல.” கரண்டி கோப்பைக்குள் மெல்லச் சுற்றுகிறது. மனைவி மூக்கை உறிஞ்சுகிறாள். “உன் தலையில ஏன் குளோரின் வாடை, மகராசி?” தங்கை ஈரத் துண்டை இறுக்கிக்கொள்கிறாள்.

அணியில் அந்த இடம் ஒரு பெண் பல் மருத்துவருக்குப் போனது. இவர்கள் இருவருக்கும் தோள்வலி மிஞ்சியது. வாரம் நான்கு நாள்தான் நீந்தினேன் என்று அந்த அம்மா சொன்னதை இருவரும் இன்றுவரை நம்பவில்லை.