ஏரிக்கரைச் சிவப்புத் துணிகள்

விடிந்தும் விடியாத வேளையில், ஏரிக்கரைப் பனைமரத்தின் பக்கத்தில் புதிதாக ஒரு கொம்பு நடப்பட்டிருந்தது. அதன் தலையில் ஒரு சிவப்புத் துணி படபடத்தது. அதைக் கண்ட மாத்திரத்தில் மனைத் தரகர் தனகோடியின் நெஞ்சும் படபடத்தது.

சந்தேகமே இல்லை, சாலை வருகிறது! பழைய மாமல்லபுரம் சாலையிலிருந்து கடற்கரைச் சாலைக்குப் புது இணைப்பு வரப்போகிறது என்று திருப்போரூர் வட்டாரமே கிசுகிசுத்துக்கொண்டிருந்த காலம் அது. அளவைக்காரர்கள் ஆளில்லாத நேரம் பார்த்து வந்து நட்டிருக்கிறார்கள்; இனி நாளுக்கொரு கொம்பாக நட்டுக்கொண்டே போவார்கள். அடுத்த கொம்பை முதலில் காண்பவன் எவனோ, அவனுக்கே அந்த நிலத்தை முதலில் பேசி முடிக்கும் யோகம்!

புல்லட்டில் போனால் அதன் சத்தம் ஊரையே எழுப்பிவிடும். ஆகவே மறுநாள் முதல் தனகோடி நடந்தார்.

யார் நடந்தார்? சென்ற மாதச் சர்க்கரை நோய் முகாமில், "தெனம் காலைல நடங்கண்ணா. அடுத்த முகாமுக்குள்ள சர்க்கரை எறங்கலன்னா தெனம் ஊசிதான்" என்று செவிலியர் சங்கரி மன்றாடியபோது, ஊரே சிரிக்கும்படி பதில் சொன்ன அதே தனகோடி! ஊசி என்ற சொல்லைக் கேட்டாலே அவருக்கு உள்ளங்கை வியர்க்கும். ஆனாலும் வாய் அடங்கவில்லை.

"அப்போ புல்லட்டு இன்னாத்துக்கும்மா வாங்கினேன்? நிறுத்தி வெச்சி பூ போடவா?"

அந்தச் சிரிப்பிலேயே சங்கரியின் திட்டம் கரைந்து போயிற்று. அவர் தொடங்கிய நடைக் குழுவுக்கு மறுநாள் காலையில் வந்து சேர்ந்தவர், சங்கரி ஒருவர் மட்டுமே.

ஒருநாள் தனகோடி மூச்சிரைக்க வீடு திரும்பியபோது, மனைவி துர்காதேவி வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"இன்னாங்க, இந்த வயசுல காடு மேடெல்லாம் அலஞ்சிகினு? பேசாம வூட்ல படுத்து தூங்குங்களேன்."

"தொழிலப் பத்தி உனக்கு இன்னா தெரியும்? நாஸ்தாவ எடுத்துனு வா."

தட்டில் வந்ததைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கியது. "மறுபடியும் முருங்கைக்கீரை அடையா? ஆடு கூட இத்தினி கீரை துன்னாது!"

"கம்பளிப்பூச்சி ஏறுதுன்னு மரத்த கழிச்சி வுட்டுனு கீறேன். கீரைய குப்பைலயா கொட்றது? துன்னுங்க."

நாள்கள் நகர்ந்தன, கொம்புகளும் நகர்ந்தன. கரையை விட்டு இறங்கி, வரப்பு வழியே வளைந்து, உப்பங்கழி ஓரம் வரை போயின. அங்கேதான் ஒரு காலை, போட்டித் தரகர் தர்மராஜ் எதிரே வந்து நின்றார்.

"இன்னா அண்ணாத்த, காலங்காத்தால இந்தப் பக்கம்?"

"வாக்கிங்கு மச்சான். ஒடம்ப பாத்துக்கணும்ல?"

"நானும் அதுக்குத்தான்," என்றார் தர்மராஜ், கொம்பின்மீது வைத்த கண்ணை எடுக்காமல்.

இரகசியம் அதன்பின் இரகசியமாக இருக்குமா? அரிசி ஆலைக்காரர் வந்தார். அஞ்சலகத்து அம்மா வந்தார். கடன் வாங்கிக் கார் வாங்கியவர்களெல்லாம் காலால் வந்தார்கள். ஒருவர் வாயிலும் சாலை என்ற சொல் வரவில்லை. ஒருவர் கண்ணும் கொம்பை விட்டு அகலவில்லை. அகங்காரம் அசைக்க மறுத்த கால்களை, ஆசை அள்ளிக்கொண்டு போயிற்று!

திரும்பும் வழியில் பனைமரத்தருகே தர்மராஜ் குனிந்து பார்த்தார். "அண்ணாத்த, இங்க பாரேன்! மொதல்ல நட்ட கொம்பு துளிர் வுட்டுகீது."

"மண்ணு அப்படி மச்சான்!" என்றார் தனகோடி பெருமிதத்துடன். "செழிப்பான மனைன்னு நோட்டீஸ்ல போட்டுரலாம்."

முகாம் நாள் வந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டு தனகோடி விரலை நீட்டினார். சாலை எங்கே போகிறது என்பதுகூட அந்தக் கணத்தில் அவருக்கு மறந்துபோயிற்று.

"கண்ணத் தொறங்கண்ணா," என்றார் சங்கரி. "நல்லா எறங்கிகீது. ஊசி வாணாம்."

அவ்வளவுதான்! தனகோடி நாற்காலியிலிருந்து எழுந்தார். எழுந்தவர் அதன்மேலேயே ஏறி நின்றார். "நடக்காத ஊரு உருப்படாது! அன்னிக்கே சொன்னேன், எவனாச்சும் கேட்டீங்களா?" என்று முழங்கினார். கூட்டம் கைதட்டியது. சங்கரி கீழே விழுந்த பஞ்சை எடுக்கக் குனிந்தார். நிமிர அவருக்குச் சற்று நேரமாயிற்று.

ஆனால் தனகோடியின் உள்மனம் வேறு கணக்குப் போட்டது. சாலை மட்டும் முடிவாகட்டும்; மறுநாளே இந்த நடைக்கு ஒரு பெரிய கும்பிடு! புல்லட்டின்மேல் படிந்திருக்கும் தூசியைத் துடைக்க வேண்டியதுதான்.

நற்செய்தியை மனைவியிடம் சொல்ல வேகமாக வீடு வந்தார். கூடத்தில் ஆள் இல்லை. பின்கட்டில் பேச்சுக் குரல் கேட்டது, எட்டிப் பார்த்தார்.

கொம்பெல்லாம் இழந்து மொட்டையாய் நின்ற முருங்கை மரத்தடியில், கையில் அரிவாளும் காதில் கைப்பேசியுமாகத் துர்காதேவி நின்றிருந்தாள். அவளுடைய பழைய சிவப்புப் பாவாடை, நாடா நாடாவாகக் கிழிபட்டு அவள் தோளில் தொங்கியது.

"சங்கரி, எங்க மரத்துல கொம்பு தீந்துபோச்சி, நாளைக்கி உங்க வூட்டு முருங்கைய வெட்டு!"