வலது பட்டன்

உள்ளே வந்த அக்கா, தம்பியின் கட்டுப் போட்ட கையைப் பார்க்கவில்லை. செல்போனை மேசையில் மல்லாக்க வைத்தாள். பழுப்பு உறை ஒன்றை அவன் மடியில் எறிந்தாள்.

"கையெழுத்துப் போடு. இன்னிக்கே முடிச்சிட்டுப் போகணும்."

"எந்தக் கையால?" என்றான் அவன்.

வலது கையில் கட்டைவிரல் மட்டும்தான் மிச்சம். அச்சகத்தில் பேப்பர் வெட்டும் மெஷின் மற்ற நான்கையும் எடுத்து ஐந்து வாரம் ஆகிறது. அச்சகம் அக்கா புருஷனுடையது. அதன் பில், ஃபைல், பீரோச் சாவி எல்லாம் அக்காவிடம்.

"இடது கையால போடு. நக்கலுக்கு ஒண்ணும் குறைச்சல் இல்லை."

சமையலறையிலிருந்து தம்பி மனைவி வந்தாள். "என்ன அண்ணி அது?"

"தப்பு அவன் மேலதான், இனிமே எதுவும் கேட்கமாட்டேன்னு எழுதியிருக்கு. போட்டா ஆஸ்பத்திரிச் செலவை அவர் ஏத்துக்குவார்."

"தப்பு இவர் மேலயா?"

"பின்னே? வக்கீலைப் போய்ப் பார்த்தீங்களாமே. என்ன சொன்னார் அந்த மகான்?"

தம்பி சுவரைப் பார்த்தபடி சொன்னான். "மாமா எங்க யாருக்கும் இன்ஷூரன்ஸ் எடுக்கலை. எடுத்திருந்தா யார் தப்புன்னு கேட்காமலே நஷ்ட ஈடு வந்திருக்கும். இப்போ அந்த வழி இல்லை. மாமா மேலயே கோர்ட்டுல கேஸ் போடணும். அவரோட அலட்சியத்தாலதான் விரல் போச்சுன்னு நிரூபிக்கணும்."

"நிரூபி. எதை வச்சு நிரூபிப்பே?"



அந்த மெஷினில் இரண்டு பட்டன். இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் கத்தி இறங்கும். கை கத்தியடியில் போய்விடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு. விபத்தன்று வலது பட்டன் அழுந்தியபடியே டேப்பால் ஒட்டப்பட்டிருந்தது.

"டேப் ஒட்டினது நீதான்னு அவர் சொல்றார்," என்றாள் அக்கா.

"மாமா ஒட்டச் சொன்னார். ஆர்டர் அவசரம், ஒரு கையால அழுத்து, ஒரு கையால பேப்பரைத் தள்ளுன்னார்."

"யார் கேட்டா?"

"நீ கேட்டே. பக்கத்துலதானே நின்னுட்டிருந்தே."

அக்காவின் பார்வை செல்போன் பக்கம் போய் வந்தது.

"நான் எதையும் பார்க்கலை, எதையும் கேட்கலை." குரலை உயர்த்தினாள். "உங்கிட்ட ஒரு துண்டுச் சீட்டாவது இருக்கா? வாயைத் திறந்து சொல்லு."

"இல்லை."

"இல்லைல்ல? அப்புறம் என்ன கேஸு, கோர்ட்டு?"

தம்பி மனைவிக்கு முகம் சிவந்தது. "நீங்க எல்லாம் கூடப் பிறந்தவங்களா? கை போனவர்கிட்ட இப்படிப் பேச எப்படி மனசு வருது?"

"கூடப் பிறந்தவன்னுதான் வேலை கொடுத்தோம். எங்க சோத்தைத் தின்னுட்டு எங்களையே கோர்ட்டுக்கு இழுப்பானா?"

"சும்மாவா சோறு போட்டீங்க? பன்னிரண்டு மணி நேரம் சக்கையாப் பிழிஞ்சீங்க."

"நீ நடுவுல வராதே. டேய், பிரிச்சுப் படி."

"என்ன எழுதியிருப்பீங்கன்னு எனக்குத் தெரியும்."

"முழுசாப் படிடா."

அவன் உறையிலிருந்து தாள்களை இடது கையால் உருவினான். படிக்கவில்லை. ஓர் ஓரத்தைப் பல்லால் கவ்வி, கிழிக்க இழுத்தான். ஏழு வருடம் ரீம் ரீமாகப் பேப்பர் வெட்டியவனால் இரண்டு தாளைக் கிழிக்க முடியவில்லை.

"இங்கே கொடுங்க, நான் கிழிக்கிறேன்," என்று மனைவி கையை நீட்டினாள்.

அக்கா அவன் கன்னத்தில் அறைந்தாள். தாள்கள் தரையில் விழுந்தன.

"படிக்காமக் கிழிச்சே, இன்னொரு கையையும் ஒடிச்சிடுவேன்."

தம்பி மனைவி குனிந்து தாள்களை எடுத்தாள். மேலே இருந்ததைப் பார்த்தாள். அடியில் இருந்ததைப் பார்த்தாள். அதை மட்டும் நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"கடைசியாக் கேட்கறேன்," என்று அக்கா கத்தினாள். "போடுவானா, மாட்டானா?"

"மாட்டார்," என்றாள் தம்பி மனைவி. அவள் குரலில் சற்றுமுன் இருந்த சூடு இல்லை.

மேசையிலிருந்த செல்போனிலிருந்து மாமாவின் குரல் வந்தது. "கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். அவன்கிட்ட ஒண்ணும் இல்லைன்னு அவன் வாயாலயே சொல்லிட்டான்ல, விடு. கேஸ் போட்டுக் கிழிக்கட்டும். நீ கிளம்பி வா."

"வர்றேங்க."

அக்கா போனை அணைத்தாள். தம்பி மனைவி இடுப்பிலிருந்த தாளை எடுத்துப் பிரித்து, அவன் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

மெக்கானிக் கொடுத்த சர்வீஸ் சீட்டு. அச்சக பீரோவில் இருக்க வேண்டியது. 'வலது பட்டன் டேப்பால் ஒட்டப்பட்டுள்ளது. அதை எடுக்காமல் ஓட்டக் கூடாது.' அதன் கீழே மாமாவின் கோணல் எழுத்து: 'ஆர்டர் முடியும்வரை இப்படியே ஓடட்டும்.' கையெழுத்து. தேதி, விபத்துக்கு ஒன்பது நாள் முன்பு.

அக்கா முதல் முறையாகத் தம்பியின் கையைப் பார்த்தாள். தொடவில்லை. வாசல்வரை போய்த் திரும்பினாள்.

"வக்கீல்கிட்ட, சாட்சின்னு என் பேரையும் எழுதச் சொல்லு."