உறியில் தொங்கிய செடி

பூங்கனி முக்காலியில் ஏறி, உறியிலிருந்த செடிச்சட்டியை இறக்கினாள்.

தயிர்ச்சட்டி தொங்க வேண்டிய உறி அது. அதில் ஒன்றரை மாதமாக அவளுடைய கல்யாணச் செடி தொங்கிக்கொண்டிருந்தது.

லேசுப்பட்ட செடியா? மிஷனை நடத்தும் வெள்ளைக்கார மிசியம்மா தன் பங்களா வராந்தாவிலிருந்து எடுத்துவந்து, மயிலாடி வேதக்கோயிலில் தாலி கட்டி முடிந்த கையோடு, சபையார் அத்தனை பேரும் பார்க்க அவளிடம் தந்தது. சேம்புத் தண்டு போலத் தண்டு, பச்சை இலை, இலை முழுக்க வெள்ளைப் புள்ளி. இந்த ஊரில் வேறு எந்த வீட்டில் இருக்கிறது, சொல்லுங்கள் பார்ப்போம்.

அதை வாசலில் வைத்து நாலு பேர் பார்க்க வேண்டாமா? கல்யாணத்துக்கு மறுநாளே அவள் புருஷன் சுந்தரராஜ் வாத்தியார் தூக்கி அடுக்களை உறியில் வைத்துவிட்டார்.

"இதுக்க இலைய கடிச்சா நாக்கு தடிச்சு சத்தமே வராதாம். பங்களாத் தோட்டக்காரன் சொன்னான். பூனை கடிச்சிரப்பிடாது" என்றார்.

பூனை! பெண்டாட்டி கடித்தால் பரவாயில்லையோ?

அடுத்த வீட்டு நேசபாய் வந்து அண்ணாந்து பார்த்தாள். "ஏட்டி, இது எப்பம் உறை ஊத்தினது?" என்று கேட்டு, வாயைப் பொத்திச் சிரித்துவிட்டுப் போனாள்.

பூங்கனி இந்த வீட்டுக்கு வந்தபோதே பூனை இருந்தது. வாத்தியாரின் முதல் மனைவி நேசம்மாள் கண்ணை மூடி இரண்டு வருஷம் ஆகிறது. அவளுடைய துணிப்பெட்டி மேல்தான் அது படுக்கும். அது யார் பூனை என்று ஒருத்தர் வந்து சொல்லவா வேண்டும்? பூங்கனி யாரையும் கேட்கவில்லை.

சாளைமீன் குழம்பு வைத்தால் முதல் தலை அதற்கு. வாத்தியார் நாற்காலியில் சாய்ந்தால் மடி அதற்கு. சரி, அதெல்லாம்கூடப் போகட்டும். அதற்கு ஒரு பேர் கிடையாது, 'ஏட்டி' என்றுதான் கூப்பிடுவார். ஏட்டி, பசிக்கா? ஏட்டி, எங்க போன? அப்படி ஒரு குழைவு. தாலி கட்டிக் கூட்டி வந்தவளுக்கோ 'இஞ்ச பாரு'. அதற்கு மேல் ஒரு சொல் வராது.

செத்தவளோடு எப்படிச் சண்டை போடுவது?

வாத்தியார் ஞாயிற்றுக்கிழமைப் பாட்டு பழக்கக் கோயிலுக்குப் போயிருந்தார். அவள் சட்டியைக் கொண்டுபோய் அந்தத் துணிப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

செடிக்கு வெயில் வேண்டாமா, அதற்காகத்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அந்த அறையில் வெயிலே வராது.

பூனை பெட்டியிலிருந்து இறங்கி வந்து மோந்து பார்த்தது. இலை நுனியை முன்காலால் தட்டியது.

'போ' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஓடிவிடும். அவள் சொல்லவில்லை.

பூனை கடித்தது.

மறுநிமிஷம் தலையை உதறியது. வாயிலிருந்து எச்சில் ஒழுகியது. முன்காலால் வாயை வழித்து வழித்துப் பார்த்துவிட்டு, நேராகப் பூங்கனியிடமே வந்து அவள் சேலையில் முகத்தைத் தேய்த்தது.

அவ்வளவுதான், அவள் கோபம் போன இடம் தெரியவில்லை. "ஐயோ, யேசுவே!" என்று வாரியெடுத்து, வாய்க்குள் விரலைவிட்டு இலையைத் தோண்டினாள். பூனை விரலைக் கடித்தது. அவள் விடவில்லை. மோரை ஊற்றி ஊற்றி அதன் வாயைக் கழுவினாள்.

வாத்தியார் வந்து நின்றது அப்போதுதான். தரையில் சட்டி, அவள் மடியில் பூனை, விரலில் ரத்தம்.

அவர் கேட்கும் முன்பே அவள் அழுதுகொண்டு சொன்னாள்: "நாந்தான் எறக்கி வச்சேன். செத்துப்போன அக்காக்க பூனைய நீங்க கொஞ்சுதது எனக்குப் பொறுக்கல்ல."

அவர் திகைத்துப்போனார்.

"நேசம்மைக்க பூனையா? பூனை முடி பட்டாலே அவளுக்கு இழுப்பு வந்திரும். அவ இருந்த வரைக்கும் ஒரு பூனைய வாசல்ல ஏத்தினதில்ல. பொண்ணு பாக்க வந்த அன்னைக்கு நீ ஒரு பூனைக்குட்டிய விடாம பிடிச்சிட்டு நின்னியே. ஒனக்குத் துணையா இருக்கட்டும்னாக்கும் சுசீந்திரத்துல இருந்து இதைக் கொண்டுவந்தேன்."

பூங்கனிக்கு நினைவு வந்தது. அன்றைக்கு அவள் கை நடுங்கியது. அது வெளியே தெரியக் கூடாதே என்றுதான் காலடியில் கிடந்த குட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள்.

வாத்தியார் குனிந்து சட்டியை எடுத்தார். "பேரு நீ வைப்பேன்னு பாத்துட்டே இருந்தேன்" என்றார்.

அவள் மடியைப் பார்த்தாள். தாய்வீட்டில் அவளைக் கூப்பிட்ட செல்லப்பேர் ஒன்று இருந்தது. இந்த வீட்டில் அதை இதுவரை யாரும் சொன்னதில்லை.

"கனிக்குட்டி" என்று கூப்பிட்டாள்.

பூனை ஏறிட்டு அவளைப் பார்த்தது. வாயைத் திறந்தது.

சத்தம் வரவில்லை.